மரம் தறிக்கிறது பற்றி எல்லாரும் கேக்கிற கேள்வியள் (யாழ்ப்பாணத்து வளவுகளுக்கு)

எங்கட கூட்டத்தில ஆறு பேர். ஏறுறது என்ர சின்னையாவும் ஒரு மச்சானும், மெசின் வாள் பிடிக்கிறதுக்கு ஒராள், மிச்சம் மூண்டு பேர் கீழ, அதில நானும் ஒண்டு. முந்தி நானும் ஏறினனான், முழங்கால் போனாப்பிறகு கயிறும் போனும்தான் என்ர வேலை. போன் எடுக்கிற ஆள் எண்டபடியால் கேள்வியள் எல்லாம் என்னட்டத்தான் வரும், உரும்பிராயில இருந்தும் அதுதான், சாவகச்சேரியில இருந்தும் அதுதான், டொரன்டோவில இருந்து விடிய மூண்டு மணிக்கு வாறதும் அதுதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியச் சொல்லித் தொண்டை காஞ்சு போச்சு, அதால ஒருக்கா எழுதி வைக்கிறன், இனிக் கேக்கிற ஆக்களுக்கு இதையே அனுப்பலாம்.

தம்பி, வளவுக்க ஒரு வேம்பு நிக்குது, தறிக்க எவ்வளவு எடுப்பியள்?

போனில சொல்லேலாது. மரத்தின்ர மொத்தத்தை வச்சு விலை இல்லை, மரத்துக்குக் கீழ என்ன கிடக்குது எண்டதை வச்சுத்தான் விலை. எங்கட தொழில்ல ரெண்டு வேலை இருக்கு, ஒண்டு மரத்தை விழுத்துறது, மற்றது மரத்தை இறக்கிறது. வெளிக்காணியில தனிய நிக்கிற வேம்பை அடியில அரிஞ்சு ஒரு பக்கம் சாய்ச்சா அரை மணித்தியாலம். அதே வேம்பு உங்கட ஓட்டுக் கூரைக்கும் கிணத்துக்கும் பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டிலுக்கும் நடுவில நிண்டா அதை மேல இருந்து துண்டு துண்டாக் கயிறு கட்டி இறக்கோணும், முழு நாளும் போகும், சிலவேளை ரெண்டு நாள்.

விலை கேக்கிறதெண்டால் வட்ஸ்அப்பில மூண்டு படம் அனுப்புங்கோ: மரம் முழுக்கத் தெரியிற மாதிரி ஒண்டு, அடி ஒண்டு, மரத்தடியில நிண்டு நாலு பக்கமும் திரும்பி எடுத்தது ஒண்டு. எல்லாரும் மரத்தைத்தான் எடுத்து அனுப்புகினம். எனக்கு வேண்டியது மரத்தைச் சுத்தி இருக்கிறது.

மற்ற ஆக்கள் இதில பாதிக்குச் செய்யிறம் எண்டுகினம், நீங்கள் மட்டும் ஏன் உவ்வளவு கூட?

அவை விழுத்துற விலை சொல்லியிருப்பினம், நான் இறக்கிற விலை சொல்லியிருப்பன். அவையிட்ட ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கோ: "ஓடு உடைஞ்சா ஆர் போட்டுத் தாறது?" எண்டு. மறுமொழி வந்த பிறகு ரெண்டு விலையையும் பக்கத்தில வச்சுப் பாருங்கோ.

விறகை நீங்களே எடுங்கோ, சும்மா வெட்டித் தாங்கோவன்?

இது கிழமைக்கு நாலு தரம் வரும். வேம்பு, புளி, பலா மாதிரி மரத்தில அடிக்குத்தி நேராயும் மொத்தமாயும் இருந்தா மரக்காலையில விலை போகும், அப்பிடியெண்டால் கூலியில கழிச்சுக்கொள்ளுவம், அது நியாயம். ஆனா முருங்கை, தென்னை, அரசு, பூவரசங்கொப்பு எல்லாம் ஆரும் காசு குடுத்து வாங்கிற சாமான் இல்லை. ஏத்தி இறக்கிற லான்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) வாடகைக்கே காணாது.

பேக்கரிக்காரர் விறகு எடுக்கிறவை, அவைக்கும் ஒரே அளவா அரிஞ்சு காஞ்சது வேணும். 2022இல காஸ் இல்லாத நேரம் மட்டும் நிலைமை தலைகீழ், சனம் கேற்றடியில நிண்டு கொப்பைக் கேட்டுது. ஆனா மெசினுக்குப் பெற்றோல் இல்லை, கானில அடிக்கேலாது எண்டு தடை, மோட்டச்சைக்கிள்ல அடிச்சுக்கொண்டு வந்து ரியூப் விட்டு உறிஞ்சி மெசினுக்கு ஊத்தினனாங்கள். விறகுக்கு விலை இருந்தது, அரியிறதுக்கு எண்ணெய் இல்லை. மச்சான் அந்த நாலு மாசமும் கோடாலிதான்.

மெசினால அடியில பிடிச்சா அஞ்சு நிமிசத்தில விழுந்திடும்தானே, ஏன் உந்தளவு சோலி?

விழும். எங்க விழும் எண்டதுதான் சோலி. மரத்தைச் சாய்க்கிற பக்கம் முதல்ல ஆப்பு வடிவில ஒரு வாய் வெட்டுவம், மொத்தத்தில கால்வாசி, கூடினா மூண்டில ஒண்டு. பிறகு மறுபக்கம், அந்த வாயை விடக் கொஞ்சம் உயரத்தில, பின்வெட்டு. ரெண்டுக்கும் நடுவில பத்தில ஒரு பங்கு போல மரத்தை அரியாமல் விட்டிடோணும். அந்தக் கீறுதான் கதவுக்குப் பிணைச்சல் மாதிரி, மரம் அதில மடிஞ்சு போய்ப் படுக்கும். அவசரத்தில அதையும் சேத்து அரிஞ்சிட்டியளெண்டால் மரம் தன்ர எண்ணத்துக்குத்தான் போகும். சாய்ஞ்சு நிக்கிற மரத்தை வாய் வெட்டாமல் பின்னால மட்டும் அரிஞ்சா நடுவால நெடுக்கப் பிளந்து அடிப்பக்கம் பின்னுக்கு எத்துப்படும், மெசின் பிடிக்கிறவன்ர நெஞ்சு உயரத்துக்கு.

எங்கட மண்ணில இன்னொரு வில்லங்கம். வலிகாமத்தில கன இடத்தில செம்மண் ரெண்டு மூண்டு அடிதான், அதுக்குக் கீழ சுண்ணக்கல். பெரிய மரமெண்டாலும் வேர் ஆழம் போகேலாமல் தட்டு மாதிரிப் பரவி நிக்கும். ஒரு பக்க வேரை மதில் கட்டேக்க வெட்டியிருப்பியள், அது உங்களுக்கு மறந்திருக்கும், மரத்துக்கு மறந்திராது. அதால நாங்கள் வந்த உடன மெசினை எடுக்கிறேல்லை, அடியைச் சுத்தி நடந்து, எந்தப் பக்கம் மதில், எப்ப கட்டினது எண்டு கேப்பம். கோவிக்காதேங்கோ.

கொப்பை ஏன் கீழ்ப்பக்கத்தால வெட்டத் தொடங்கிறியள், மேல வெட்டினா லேசுதானே?

மேல மட்டும் வெட்டினா பாதி அரியேக்கயே கொப்பு பாரத்தில முறிஞ்சு தொங்கி, தோலையும் சேத்து அடிமரம் வரை உரிச்சுக்கொண்டு வரும். ஏறியிருக்கிறவன் அந்த அடிமரத்திலதான் கட்டிக்கொண்டு நிக்கிறான். கீழால கொஞ்சம் அரிஞ்சு வச்சிட்டு, அதுக்கு அங்கால தள்ளி மேலால அரிஞ்சா கொப்பு துண்டா முறிஞ்சு வரும். பிறகு மிச்ச முண்டைத் தனியா எடுக்கிறது. மரத்தை வச்சிருக்கப் போறியளெண்டால் இது இன்னும் முக்கியம், உரிஞ்ச தோலுக்குள்ளால தண்ணி இறங்கித்தான் கோறை விழுறது.

ஏறுறவை எங்க பழகினவை? கள்ளுச் சீவுற ஆக்களோ?

சின்னையா பதினாலு வயசில தகப்பனோட பனைக்குப் போனவர். காலில தளைநாரைப் போட்டு ரெண்டு பாதத்தையும் சேத்து, மரத்தைக் கட்டிப்பிடிச்சு உன்னி உன்னி ஏறுறது அங்க பழகினது. ஆனா பனை ஏறத் தெரிஞ்ச எல்லாரும் மா மரத்தில நிண்டு வேலை செய்வினம் எண்டில்லை. பனை ஒற்றைத் தூண், கையுக்கும் காலுக்கும் ஒரே கணக்கு. கொப்பு மரத்தில ஒவ்வொரு கவருக்கும் வேற கணக்கு, எது தாங்கும், எது உக்கினது, தான் நிக்கிற கொப்பில இருந்து வெட்டுற கொப்பின்ர பாரம் போனா நிக்கிற கொப்பு மேல துள்ளுமோ எண்டெல்லாம் பாக்கோணும். மச்சான் மூண்டு வருசம் கீழ நிண்டு பாத்த பிறகுதான் தனிய ஏறினவன்.

இன்னொண்டும் சொல்லத்தான் வேணும். ஏறுற ஆக்களை நாப்பது வயசு மனிசன் எண்டும் பாராமல் "டேய்" எண்டு கூப்பிடுற வீடுகள் இப்பவும் இருக்கு, தேத்தண்ணி வேற கோப்பையில வாற வீடும் இருக்கு. நாங்கள் ஒண்டும் கதைக்கிறேல்லை, அடுத்த முறை அந்த நம்பரில இருந்து போன் வந்தா நேரமில்லை எண்டு சொல்லிப்போடுறது. மரம் ஏற ஆள் கிடைக்குதில்லை எண்டு சனம் சொல்லுறதுக்குள்ள இதுவும் கிடக்கு.

பெல்ட், ஹெல்மெட் எல்லாம் உண்மையா போடுறியளோ? நான் கண்ட ஆக்கள் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டுதான் ஏறினவை.

நாங்களும் அப்பிடித்தான் இருந்தனாங்கள். இப்ப மேல மெசின் கொண்டு போற வேலைக்குப் பெல்ட்டும் ரெண்டு கயிறும் கட்டாயம். ஏன் ரெண்டு எண்டால், கொப்பைச் சுத்தி ஒண்டை மாத்திக் கட்டேக்க மற்றது பிடிச்சிருக்கோணும், அதோட மெசின் நழுவிக் கயிறில பட்டா ஒரு செக்கன்தான், கத்தியை விடக் கெதியா அறுக்கும். மெசினைத் தனிக் கயிறில கட்டிப் பெல்ட்டில தொங்க விடுறது. ஒரு கையால மெசின் பிடிக்கிற வேலை எங்களிட்ட இல்லை.

சாரம் மெசினுக்குள்ள போகும், நான் கண்டிருக்கிறன், தொடைக்கு ரெண்டு விரற்கடை தூரத்தில துணி சுத்தி மெசின் நிண்டது. அதோட நாங்கள் எல்லாரும் காற்சட்டை. ஹெல்மெட் கீழ நிக்கிற ஆக்களுக்குத்தான் முதல், விழுற சாமான் அவையின்ர தலைக்குத்தானே வாறது. சின்னையா மட்டும் பனைக்கு ஏறேக்க இப்பவும் பெல்ட் போடார், தளைநார் காணும் எண்டுவார். அவரோட சண்டை பிடிச்சு நான் தோத்த ஆள்.

எந்த மரத்துக்கு ஆகப் பயம்?

செத்த தென்னை. வட்டு வாடி, குருத்து சரிஞ்சு போனதெண்டால் உள்ளுக்குச் சிவப்பு வண்டு திண்டு முடிச்சிருக்கும், வெளியில தோல் மட்டும் நிக்கும். அடியில கத்திப்பிடியால தட்டினா பச்சை மரம் "டக்" எண்டும், கோறை மரம் தகரப்பீப்பா மாதிரிக் கேக்கும். அதில ஆரையும் ஏத்தமாட்டம். எட்ட நிண்டு கயிறு எறிஞ்சு இழுப்பம் இல்லாட்டி பூம் வாகனம் பிடிப்பம், விலை ஏறும்.

அடுத்தது முருங்கை, சிரிக்காதேங்கோ, பன்ரண்டு அடிதானே எண்டு ஏறின ஆக்கள்தான் கனக்க விழுந்தது, கொப்பு சத்தம் போடாமலே முறியும். புளி அதுக்கு எதிர், விரல் மொத்தக் கொப்பும் வளைஞ்சு குடுக்கும், சின்னையா அதைத் தாய் மரம் எண்டுவார். பிறகு, பனையில ஆல் முளைச்சு அணைச்சு நிக்குமே, பாக்க வடிவுதான், தறிக்கப் போனா எந்த வேர் எதைத் தாங்குது எண்டு பிடிபடாது. காவோலை தட்டாமல் வருசக்கணக்கா விட்ட பனையும் கூடாது, காவோலைக்குள்ள பாம்பும் தேளும் குடியிருக்கும், கை வைக்கிற உயரத்தில.

குளவிக்கூடு, முசுறு எல்லாம் பிரச்சினையோ?

முசுறு பிரச்சினை இல்லை, கடிபட்டுக்கொண்டு வேலை செய்யிறதுதான். குளவி எண்டால் முதலே சொல்லுங்கோ, அறுபது அடி உயரத்தில கட்டிக்கொண்டு நிக்கிறவன் ஓடேலாது.

தறிக்க அனுமதி வேணுமோ? என்ர காணி, என்ர மரம்தானே.

பலா, ஈரப்பலா, பெண்பனை மூண்டுக்கும் உங்கட சொந்தக் காணியெண்டாலும் அனுமதி வேணும். 1951ஆம் ஆண்டின்ர 9ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம். கிராம சேவையாளரிட்டப் போய்ச் சொன்னா அவர் வந்து பாத்து எழுதித் தர, பிரதேச செயலகத்தால எடுக்கிறது. காணி உறுதியின்ர கொப்பி கேப்பினம். தென்னைக்கும் மற்ற மரங்களுக்கும் காலத்துக்குக் காலம் ஏதும் அறிவித்தல் வாறபடியால் எந்த மரமெண்டாலும் அவரிட்ட ஒரு வார்த்தை கேட்டிட்டு எங்களுக்கு அடியுங்கோ. குத்தியை லொறியில ஏத்திக் கொண்டு போறதுக்கு அனுமதி வேற, தறிக்கிற கடிதத்தைக் காட்டி றோட்டில தப்பேலாது.

மெசினும் அப்பிடித்தான். 2019இல செயின்சோ வச்சிருக்கிற ஆக்கள் எல்லாரும் பொலிசில பதியோணும் எண்டு வந்தது, எங்கடது பதிஞ்சது. கூலிக்குப் பிடிக்கிற ஆக்களிட்ட அந்தப் பதிவுத் துண்டைக் கேக்கிறதில பிழையில்லை.

அப்ப ஆண்பனை எண்டு சொல்லித் தறிச்சா?

இதைக் கேட்ட ஐயாவுக்கு நான் போனிலயே சிரிச்சிட்டன். பனை பூத்துக் காய்க்கத் தொடங்கிற வரைக்கும், அது பத்துப் பதினைஞ்சு வருசமும் போகும், ஆணோ பெண்ணோ எண்டு ஆருக்கும் தெரியாது. அதுக்குப் பிறகு ஊர் முழுக்கத் தெரியும், அந்த மரத்தில நுங்கு வெட்டித் திண்ட பொடியளே சாட்சி. கிராம சேவையாளரும் இந்த ஊர்க்காரர்தானே. பனைக்குக் கூரை வளை, சிலாகை எண்டு நல்ல மதிப்பு, அதிலயும் முத்தின பெண்பனையில வைரம் கூட, அதாலதான் களவாத் தறிக்கிறதும். எங்களை அதுக்குக் கூப்பிடாதேங்கோ.

கொப்பு கரண்ட் வயரில முட்டிக்கொண்டு நிக்குது, அதை மட்டும் கெதியா ஒருக்கா வெட்டிவிடுங்கோவன்?

இல்லை. எவ்வளவு தந்தாலும் இல்லை. மின்சார சபைக்கு அறிவியுங்கோ, 1987 அடிக்கலாம், அல்லது கிட்ட இருக்கிற ஒபிசுக்குப் போய் எழுதிக் குடுங்கோ. அவை லைனை நிப்பாட்டி, நிப்பாட்டினதை அந்த இடத்தில நிண்டு உறுதிப்படுத்தின பிறகு நாங்கள் ஏறுவம். வீட்டுக்கு வாற வயர் 230 வோல்ட், அதுவே ஆளைக் கொல்லக் காணும், றோட்டுக் கரையில உயரத்தில போறது 33,000 வோல்ட்டும் இருக்கும், அது தொட்டால்தான் எண்டில்லை, கிட்டப் போனாலே பாயும். பச்சைக் கொப்பில தண்ணி இருக்கு, ஈரக் கயிறிலயும் இருக்கு. "காஞ்ச கொப்புத்தானே தம்பி" எண்டு சொல்லுறவை விடிய அஞ்சு மணிப் பனியில அந்தக் கொப்பைத் தொட்டுப் பாக்கோணும், சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கும்.

வீட்டில மெயின் சுவிச்சை நிப்பாட்டினாக் காணும் எண்டு நினைக்காதேங்கோ, போஸ்டில இருந்து மீற்றர் வரைக்கும் வாற வயர் அப்பவும் உயிரோடதான்.

பழைய மரங்களுக்குள்ள சண்டைக் காலத்துச் செல் (எறிகணை) துண்டு இருக்குமெண்டு சொல்லுகினம், உண்மையோ?

உண்மை. தென்மராட்சிப் பக்கம் ஒரு வீட்டு மா, அம்பலவி, அடிக்குத்தியைப் பலகைக்கு அரிஞ்சு தரச் சொன்னவை. நாலாவது வெட்டில நெருப்புப் பொறி பறந்து மெசின் துள்ளிச்சுது, செயினில ஒன்பது பல்லுப் போட்டுது. மற்றப் பக்கத்தால கோடாலியால பிளந்து பாத்தா மஞ்சள் மரத்துக்கு நடுவில மை ஊத்தின மாதிரி கறுப்பு, அந்தக் கறுப்புக்கு நடுவில சின்னிவிரல் நீளத்தில ஓரம் கூரான இரும்பு. அதைச் சுத்தி மரம் வளைஞ்சு வளைஞ்சு வளந்து மூடியிருக்கு. வெளித்தோலில ஒரு சின்னத் தழும்புதான், ஆரும் காணேலாது. வீட்டு அம்மா அதைக் கேட்டு வாங்கிக் கழுவி யன்னல் விளிம்பில வச்சவா. 

அதோட நாங்கள் இப்ப பழைய மரமெண்டால் தோலை நல்லாப் பாக்கிறது, வீங்கின தழும்பு, இயற்கையில்லாத கறுப்புக் கசிவு, இதுகள். மரக்காலைக்காரரும் கேப்பினம் எந்த ஊர் மரம் எண்டு, சில ஊர்ப் பேர் சொன்னா விலை குறையும். செயின் போனா அந்தக் காசு வீட்டுக்காரரோடதான், அதை முதலே பேசிக்கொள்ளுவம்.

விடுபட்ட காணி, முப்பது வருசப் பத்தை, துப்புரவாக்கித் தருவியளோ?

வலிகாமம் வடக்கில 1990இல இடம்பெயர்ந்து போன ஆக்களின்ர காணியள் கட்டங்கட்டமாத்தானே விட்டவை, போய்ப் பாத்தா குசினிச் சுவருக்குள்ளால ஆல் முளைச்சு நிக்கும், கிணறு எங்க எண்டு தெரியாது. வேலை எடுப்பம், ஆனா கண்ணிவெடி அகற்றி முடிச்சு ஒப்படைச்ச காணியோ எண்டு முதல்ல கேப்பம், சண்டை முன்னரங்கா இருந்த முகமாலைப் பக்கமெண்டால் இன்னும் அவதானம். வேர் கிண்டுற வேலை கடைசியாத்தான், முதல்ல கையால பத்தை வெட்டி நிலம் தெரிய வைக்கோணும். எங்கயாவது துருப்பிடிச்ச சாமான் கண்டா தொடுறேல்லை, அந்த இடத்தில கம்பு நட்டுத் துணி கட்டிப்போட்டு எல்லாரும் வந்த காலடியாலயே திரும்பி வெளிய போய்ப் பொலிசுக்கு 119 அடிக்கிறது. அண்டைக்கு வேலை அவ்வளவுதான், கூலி பாதியெண்டாலும் தரோணும்.

பத்தைக்குள்ள பாழ்க்கிணறு இருக்குதோ எண்டு அயலில வயசான ஆக்களிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ. அதைக் கண்டுபிடிக்கிற வேலையை எங்கட காலுக்கு விடாதேங்கோ.

நான் கனடாவில இருக்கிறன், காணி கோண்டாவில். பக்கத்து வீட்டார் மரத்தைத் தறிக்கச் சொல்லுகினம். போனில சொன்னாக் காணுமோ?

காணாது. உங்கட பேரில உறுதி இருந்தா, இஞ்ச இருக்கிற ஒராளுக்கு நீங்கள் அற்றோனி (உங்களுக்குப் பதிலா நிண்டு செய்யிற அதிகாரப் பத்திரம்) குடுத்திருந்தா அவர் வந்து நிக்கோணும், இல்லாட்டி நீங்கள் கையெழுத்து வச்ச கடிதமும் அடையாள அட்டைக் கொப்பியும் வேணும், கிராம சேவையாளருக்கும் தெரிஞ்சிருக்கோணும். ஒருக்கா நாங்கள் வீடியோ கோலில ஒராள் காட்டின மரத்தைத் தறிச்சு முடிக்க, அவற்ற தமையன் வந்து இது பங்கு பிரிக்காத காணி எண்டு கேற்றைப் பூட்டினவர். எங்கட மெசின் உள்ள, நாங்கள் வெளிய, பின்னேரம் வரை.

பக்கத்து வளவு மா எங்கட கூரைக்கு மேல படர்ந்து நிக்குது, எங்கட பக்கத்தால நீங்கள் வெட்டிவிடேலாதோ?

மரக்காரர் ஓமெண்டால் அரை நாள் வேலை. ஓமெண்டு சொல்லாட்டி நாங்கள் வேலிக்கு மேல கை போடமாட்டம். முதல் நீங்களே போய்க் கதையுங்கோ, அதுவும் மாங்காய் சீசனில போகாதேங்கோ, அப்ப ஆரும் கொப்பு வெட்ட விடார், கறுத்தக்கொழும்பானெண்டால் சொல்லவே வேண்டாம். கதைச்சுச் சரிவராட்டி பிரதேச சபைக்குப் படத்தோட எழுத்தில குடுங்கோ, கொப்பிக்கு முத்திரை குத்தி வாங்குங்கோ. அல்லது மத்தியஸ்த சபைக்குப் போகலாம், வேலி, மரம், ஓடைத் தண்ணி எண்டு அங்க வாற சண்டையள் கனக்க இந்த வகைதான்.

வேலை நடக்கிற அண்டைக்கு ரெண்டு வீட்டாரும் நிக்கோணும். விறகு ஆருக்கு எண்டதை மெசின் ஸ்ராட் பண்ண முன்னம் முடிவெடுங்கோ. கொப்பு வேலிக்கு இஞ்சால விழுந்தா இஞ்சால வீட்டுக்கு எண்டு ஒரு கதை வரும், அதில நாங்கள் இல்லை.

மழைக்கு முன்னம் எப்ப கூப்பிடோணும்?

ஆவணி, புரட்டாதி. ஐப்பசியில மாரி தொடங்கினாப்பிறகு கூப்பிட்டா வரிசையில நிக்கோணும், ஈரமரத்தில ஏறவும் ஏலாது. 2020 மார்கழி தொடக்கத்தில புரெவிப் புயல் வந்த நேரம் ரெண்டு நாளில எண்பத்திச் சொச்சம் போன் எனக்கு, அதில பாதிப்பேர் அதுக்கு முந்தின மாசம் "யோசிச்சுச் சொல்லுறம்" எண்டவை. புயலில விழுந்து கூரையில சாஞ்சு கிடக்கிற மரம் நிக்கிற மரத்தை விட மோசம், கொப்பெல்லாம் வில்லு மாதிரி வளைஞ்சு இறுகிக் கிடக்கும், பிழையான இடத்தில அரிஞ்சா ஆளைத் தூக்கி எறியும். அதில கை வாளோட ஏறாதேங்கோ, மழை ஒழுகினாத் தறப்பாளைப் போட்டிட்டு இருங்கோ.

முழுக்கத் தறிக்கத்தான் வேணுமெண்டும் இல்லை. பட்ட கொப்பு, ஒண்டோட ஒண்டு உரசுற கொப்பு, கூரைப்பக்கப் பாரம், இதுகளை எடுத்தாக் கன மரம் நிக்கும். ஆனா சிலர் தலையை மொட்டை அடிக்கச் சொல்லுகினம். மொட்டை அடிச்ச வேம்பு அடுத்த வருசம் அந்த இடத்தில இருவது குச்சி விடும், எல்லாம் தோலில ஒட்டின பிடி, நாலு வருசத்தில அதுகள்தான் காத்துக்கு முதல் முறியிறது. தென்னை, பனைக்கு வட்டை வெட்டினா மரம் அதோட முடிஞ்சுது, திரும்பத் தளிர்க்காது, இதைக் கேட்ட ஆக்களும் இருக்கினம்.

வெள்ளிக்கிழமை வேலை செய்வியளோ? மரத்தடியில வைரவர் இருக்கு.

வெள்ளி சின்னையா ஏறார், அமாவாசைக்கும் இல்லை. எனக்கு அது சரி, மெசின் செயின் தீட்ட, கயிறு பாக்க ஒரு நாள் வேணும்தானே. வைரவர் எண்டால் சூலத்தை எடுத்து வைக்கிறது உங்கட வேலை, பூசாரியைக் கூப்பிட்டுச் செய்யிற முறையில செய்துபோட்டு எங்களைக் கூப்பிடுங்கோ. சின்னையா எந்த மரமெண்டாலும் முதல் ஒருக்கா அடியில கை வச்சு நிண்டிட்டுத்தான் ஏறுவார். என்ன கேக்கிறனியள் எண்டு ஒருநாள் கேட்டன். "ஒண்டும் கேக்கிறேல்லை, ஆடுதோ எண்டு பாக்கிறன்" எண்டார்.

எங்கட வளவுக்கயே எங்களை நிக்க விடுறியளில்லை, வீடியோ எடுக்கவும் விடுறியளில்லை, ஏன் உப்பிடிக் கத்துறியள்?

மெசின் சத்தத்தில கத்தாட்டிக் கேக்காது, அது ஒண்டு. மற்றது, ஒரு அடி விட்டம், ஆறடி நீளப் பச்சைக் குத்தி நூறு கிலோவுக்கு மேல. அது கயிறில இறங்கேக்க நான் கீழ கட்டைமரத்தில ரெண்டு சுத்துச் சுத்தி, பிடியை இளக்கி இளக்கித்தான் விடுறன், கயிறு சூடாகி நைலோன் மணக்கும். அந்த நேரம் "தம்பி பிளேன் ரீயோ பால் ரீயோ" எண்டு கிட்ட வந்தா நான் கத்தத்தான் செய்வன், தேத்தண்ணிக்கு நன்றி. விழுத்துற வேலையெண்டால் மரத்தின்ர உயரத்தைப் போல ரெண்டு மடங்கு தூரத்துக்கு ஆரும் நிக்கக்கூடாது, நாயும் கோழியும் சேத்து.

என்ர முழங்கால் மரத்தில இருந்து விழுந்து போனதில்லை. வேலை முடிஞ்சு, மெசின் நிப்பாட்டி, எல்லாரும் தண்ணி குடிக்கேக்க, அடுக்கி வச்ச குத்தியில ஒண்டைச் சின்னப்பிள்ளை ஒண்டு ஏறி மிதிக்க அது உருண்டு வந்தது. பிள்ளையைத் தள்ளிவிட்டன், காலை இழுக்க நேரமில்லை.

அடிக்கட்டைக்கு என்ன செய்யிறது? உப்புப் போட்டா உக்குமாமே?

உப்புப் போட்டா கிணத்துத் தண்ணிதான் உப்பாகும், எங்கட கல்லுக்குள்ளால எல்லாம் கீழ இறங்கும். ஜேசிபி உள்ள வர வழியிருந்தா கிண்டலாம், கிணத்துக்குக் கிட்டவெண்டால் வேண்டாம், கட்டு வெடிக்கும். நிலமட்டத்துக்கு அரிஞ்சு மண் மூடி விட்டா கறையான் பாத்துக்கொள்ளும்.

ஆராவது விழுந்தா ஆர் பொறுப்பு?

ஆரும் போனில கேக்காத கேள்வி, வீட்டுக்காரர் ஒருத்தர்தான் கேட்டவர், அவரும் லோயர். வேலையாளுக்கு வேலையில காயம் பட்டா நட்டஈடு குடுக்கோணும் எண்டு 1934இல இருந்தே கட்டளைச் சட்டம் இருக்கு, ஆனா நாள்கூலிக்கு ஆக்களைப் பிடிச்சுச் செய்யிற தொழில்ல ஆர் முதலாளி எண்டு காட்டுறதுதான் இழுபறி. அதால நாங்கள் இப்ப ஒரு பக்கத் துண்டு எழுதுறம், என்ன வேலை, எத்தினை பேர், ஆர் பொறுப்பெடுத்தது, திகதி, ரெண்டு கையெழுத்து. கூலியில ஒரு பங்கு பொதுவில போடுறம், என்ர முழங்கால் செலவு அதிலதான் போனது.

விழுந்தா அம்புலன்சுக்கு 1990 அடியுங்கோ, ஓட்டோவில மடிச்சு ஏத்தாதேங்கோ, முள்ளந்தண்டில பட்டிருந்தா அந்த ஏத்திற ஏத்தில கால் வழங்காமல் போகும். பெல்ட்டில மயங்கித் தொங்கிறவனையெண்டால் மட்டும் காத்திருக்கேலாது, தொங்கிற காலில இரத்தம் தேங்கும், உடன இறக்கோணும். அதுக்குத்தான் எப்பவும் ஏறத் தெரிஞ்ச ரெண்டாவது ஆள் கீழ நிக்கிறது. மச்சானுக்குக் காய்ச்சல் எண்டால் அண்டைக்கு சின்னையாவும் ஏறார், வேலை நாளைக்கு.

என்ர மகன் உங்களோட வந்து பழகலாமோ? வெளிநாட்டில இதுக்கு நல்ல காசாம்.

காசு இருக்கு, ஆனா அங்க ஏறத் தெரியும் எண்டு சொன்னாக் காணாது, சான்றிதழ்த் துண்டு வேணும். ஐஎஸ்ஏ எண்ட சர்வதேச அமைப்பின்ர சோதனை எழுதிறதுக்கே மூண்டு வருச அனுபவம், இல்லாட்டிப் படிப்பு காட்டோணும். இங்கிலாந்தில மெசின் பிடிக்க வேற, ஏறிறதுக்கு வேற எண்டு தனித்தனித் தராதரம். எங்கட கூட்டத்தில இருந்து போன பொடியன் ஒருத்தன் அங்க முதல் ஒண்டரை வருசம் கொப்பு அரைக்கிற மெசினுக்குக் கொப்பு தள்ளினவன், இப்பதான் கயிறு தந்திருக்கினமாம்.

இஞ்ச எண்டால், மாசத்தில இருவது நாள் வேலை இருக்கும், மாரியில பத்தும் இராது, புயலுக்குப் பிறகு நித்திரை இராது. முதல் ஆறு மாசம் கொப்பு இழுக்கிறது, கயிறு சுத்துறது, செயின் தீட்டுறது, அவ்வளவும்தான், ஏறக் கேட்டா சின்னையா பேசுவார். வரப்போறதெண்டால் திங்கள் விடிய ஆறு மணிக்கு உரும்பிராய்ச் சந்திக்கு வரச் சொல்லுங்கோ, காற்சட்டையோட.